பராமோட்டர் குழப்படி செய்தால்: எங்கே கை வைப்பது, எங்கே கையை எடுப்பது

துணியாலான விங்கில் நூல்களால் தொங்கி, முதுகில் கட்டிய எஞ்சினின் விசிறி தள்ளப் பறப்பதுதான் பராமோட்டர். இந்தக் குறிப்பைப் படித்துப் பறக்கப் பழக முடியாது. முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள், மெஷினை முதுகில் போட்டுக்கொண்டு கரையில் நின்று "இது ஏன் இப்படிச் செய்யுது?" என்று முழிக்கிற நேரத்துக்காக எழுதுகிறேன். நான் பிரான்சில் இருந்த காலத்தில் பழகியவன். இப்போது ஊரில், யாழ்ப்பாணத்தில், அவுட்போர்ட் எஞ்சினும் தோட்டத்துக்கு இறைக்கும் பம்பும் திருத்துகிறேன். ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வரும் பெடியள் கேட்ட கேள்விகள்தான் இதில் பெரும்பாலும்.

அனுமதி விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பலாலி 2019 ஒக்ரோபரில் இருந்து சர்வதேச விமான நிலையம். குடாநாடு சின்னது, எந்தக் கரையில் இருந்து எழும்பினாலும் அது தூரமில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி எழுத்தில் இல்லாமல் கயிற்றை இழுக்க வேண்டாம். இனி மெஷினுக்கு வருவோம்.

கயிறு இழுத்ததும் முழு வேகத்தில் சீறுகிறது

பராமோட்டரில் ஆளுக்குக் கெடுதல் செய்யும் இடம் வானம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கையும் விரலும் போவது பெரும்பாலும் தரையில், ஸ்டார்ட் பண்ணும்போது. ஒரு சாதாரண மெஷின் 60, 70 கிலோ தள்ளும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிறு இழுக்கிறோம். த்ரொட்டில் (கையில் பிடிக்கும் வேகப்பிடி) இறுகியிருந்தால், அல்லது அதை ஒரே அளவில் நிறுத்த போன முறை பறந்தபோது போட்ட குரூஸ் பூட்டு அப்படியே கிடந்தால், எஞ்சின் பிடித்த அதே நொடியில் மெஷின் உங்களை நோக்கிப் பாயும். விழுந்துவிடாமல் பிடிக்க வேண்டும் என்று கை தானாக நீளும், விசிறியைச் சுற்றியுள்ள கூட்டின் விளிம்பைத் தாண்டும். கூட்டில் கட்டிய வலை, விங்கின் நூல் உள்ளே போகாமல் தடுக்கத்தான். முழு வேகத்தில் தள்ளும் மெஷினின் எதிரே நீளும் கையை அது தடுக்காது. 125 சென்ரிமீற்றர் விசிறி நிமிடத்துக்கு 2600 தரம் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இது நடந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச். அதனால் கயிறு இழுக்கும் முன்பே பெருவிரல் அதன் மேல் இருக்க வேண்டும். த்ரொட்டில் பிடி நிலத்தில் கிடக்க ஸ்டார்ட் பண்ணுகிறவரைப் பார்த்தால் நான் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிப் போய் நிற்பேன். த்ரொட்டிலை நசித்து விட்டுப் பாருங்கள், "டிக்" என்று காபரேட்டரில் திரும்பி அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். குரூஸ் பூட்டு கழன்றிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஹார்னஸ் (ஆளைக் கட்டும் பட்டி இருக்கை) பக்கம் நின்று, சட்டத்தை உடம்போடு முட்டுக் கொடுத்து, பிடிக்கும் கையை உயரத்தில் வைத்து இழுங்கள். எலக்ட்ரிக் ஸ்டார்ட் இருந்தால் முதுகில் போட்டுக் கட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணுவது இதைவிட நல்லது.

கிளச் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் "ஐடிலில் விசிறி சுத்தாது அண்ணை" என்பார்கள். சரிதான், ஐடிலில், அதாவது ஆகக் குறைந்த வேகத்தில், சுற்றாது. ஆனால் நாம் பேசுவது ஐடிலில் நிற்காத மெஷினைப் பற்றி.

இன்னொன்று, ஊர்ச் சனம். நாலு பேர் கூடினால் பத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடி வருவார்கள், ஒரு நாயும் வரும். பின்பக்கத்துக்கு ஒரு ஆளை நிறுத்தி, அவர் கை காட்டினால்தான் ஸ்டார்ட்.

கில் ஸ்விட்சை அமத்தியும் நிற்கவில்லை

"அண்ணை, அமத்தினன், நிக்கேல்லை" என்று ஒரு தம்பி கரையில் நின்று கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. பெரும்பாலான பராமோட்டர்களில் கில் ஸ்விட்ச் பற்றவைப்பை எஞ்சின் உடம்போடு இணைத்துத்தான் நிறுத்தும். அதாவது வயர் அறுந்தாலோ, கனெக்டர் கழன்றாலோ, உப்புக்காற்றில் பச்சை பிடித்தாலோ எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பழுதானால் ஓடும் பக்கம் பழுதாகும் அமைப்பு அது. எனக்கு அது பிடிக்காது, ஆனால் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்போது சோக்கை இழுங்கள். சோக் இல்லாவிட்டால், கை பாதுகாப்பாக எட்டும் மெஷினில் மட்டும், காற்று உறிஞ்சும் பெட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்துங்கள். பெற்றோல் குழாயை நெரித்தாலும் நிற்கும், ஆனால் உடனே இல்லை, காபரேட்டரில் இருக்கிறது தீர வேண்டும். ஒவ்வொரு நாளும் முதல் ஸ்டார்ட்டில், சூடாக்கும்போதே, ஸ்விட்சால் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறப்பு இல்லை.

ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது

பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நனைந்திருந்தால் பிளக் வெளியே இருக்கும்போதே, வயரை எஞ்சின் உடம்பில் தொடவைத்து ஓட்டைக்குத் தள்ளி வைத்துவிட்டு, கயிற்றை ஏழெட்டுத் தரம் இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைப் போட்டபடியே த்ரொட்டிலை முழுக்கத் திறந்து இழுக்கிற பழக்கம் மோட்டர்சைக்கிளில் சரி. இங்கே அது முதல் தலைப்பில் சொன்ன விபத்துக்கு நாமே போடுகிற வழி.

காய்ந்திருந்தால் குழாயில் காற்றுக் குமிழ், வடியில் தூசி, காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப்போனது, இந்த ஒழுங்கில் தேடுங்கள். ஒரு வருடம் பெட்டியில் கிடந்த மெஷின் என்றால் நான் நேரே அந்த ரப்பருக்குத்தான் போவேன்.

தொண்ணூறுகளில் பெற்றோல் உள்ளே வராத காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைப்பழக்கம் உள்ள பெரியவர்கள் இப்போதும் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. இவ்வளவு வேகமாகச் சுற்றும் சின்ன எஞ்சினில் அது பிஸ்டனைத் தட்டியே ஓட்டையாக்கிவிடும். எஞ்சின் கையேடு 95 கேட்டால் 95தான்.

ஒயிலிலும் ஒரு பொறி இருக்கிறது. மீன்பிடித் துறைகளில் லேசாகக் கிடைப்பது அவுட்போர்ட்டுக்கான டூ ஸ்ட்ரோக் ஒயில். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்தது. காற்றால் குளிரும், கொதிக்கக் கொதிக்க ஓடும் பராமோட்டருக்கு அது போதாது. சூடு தாங்கும் முழு சிந்தெற்றிக் ஒயில், பெரும்பாலான மெஷினுக்கு 10 லீற்றருக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர். மெஷினோடு வந்த கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது

தாங்கி மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் பழுது எஞ்சினில் இல்லை. வாகனத்தில் ஏற்றும்போது பெற்றோல் சிந்தாமல் இருக்கத் தாங்கியின் மூச்சுத் துளையை அடைத்தவர் திறக்க மறந்திருக்கிறார். பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடும், கடைசியில் காபரேட்டரால் இழுக்க முடியாது. தரையில் சூடாக்கும் இரண்டு நிமிடத்தில் இது தெரியவே தெரியாது. களப்புக்கு மேலே போன பிறகுதான் தெரியும்.

துளை சரி, ஆனாலும் த்ரொட்டில் கூட்டும்போது தொண்டை அடைக்கிறது என்றால் பெற்றோல் குறைவாகவும் காற்று கூடுதலாகவும் போகிறது. பிளக்கின் நுனி சொக்லற் நிறம் என்றால் நல்லது, வெள்ளை என்றால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் இன்னும் ஒரு சுற்று என்று போனால் பிஸ்டன் பிடிக்கும். காபரேட்டர் ஊசி குறைவாகத் திறந்திருக்கலாம். தரையில், ஹார்னஸைக் கட்டி, திருப்புங்கள். காற்றில் திருப்பலாம் என்று காணொளியில் காட்டுகிறவர்களை மறந்துவிடுங்கள்.

நடுக்கம் கூடிவிட்டது

நிறுத்துங்கள். பறந்துகொண்டிருந்தால் ஐடிலுக்கு வந்து இறங்குங்கள். மணற்காட்டுப் பக்கம் ஓடினால் மணல் விசிறியின் முன்விளிம்பைத் தின்னும். நகத்தால் தடவினால் தெரியும். சைலன்சரைப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் தாங்கிகளும்தான் அடுத்த சந்தேகம். அங்கே கழலும் எதுவும் பின்னால்தான் போகும், பின்னால் விசிறி. ஸ்பிரிங்குக்குள் ஒரு கம்பி கோத்துக் கட்டி வைப்பது ஐந்து ரூபா வேலை.

விங் ஏறும்போது ஒரு பக்கம் சரிகிறது

இந்த இடத்தில் பட்டம் ஏற்றும் வல்வெட்டித்துறைப் பெடியளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. முச்சை (பட்டத்தில் கயிறு பூட்டும் நூல் கட்டு) ஒரு பக்கம் இழுத்தால் பட்டம் எந்தப் பக்கம் குத்தும் என்று தெரிந்தவனுக்கு விங்கும் தெரியும். சரிகிற பக்கத்துக்கு நீங்கள் ஓடி அதற்குக் கீழே போங்கள். எதிர்ப்பக்கப் பிரேக்கை (விங்கின் பின்விளிம்பைக் கையால் இழுக்கும் நூல்) இழுத்து நிமிர்த்தப் பார்த்தால் விங் பின்னால் போய் விழும். நேரே தலைக்கு மேல் வரும்வரை த்ரொட்டிலைக் கூட்ட வேண்டாம். பின்னால் தொய்ந்து கிடக்கும் நூலை விசிறி தேடிக்கொண்டிருக்கிறது. சரிவரவில்லை என்றால் முதலில் எஞ்சினை நிறுத்தி, பிறகு திரும்பிப் பாருங்கள். ஒழுங்கு மாறினால் நூல் போகும்.

ஏறிய விங்கோடு ஓடுகிறோம், எழும்பவில்லை என்றால் மூன்று காரணம் பார்க்கிறேன்: காற்று முதுகில் இருக்கிறது, பிரேக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது, அல்லது கால் எழும்ப முன்னமே ஆள் குந்திவிட்டார். மூன்றாவதுதான் அதிகம். வெக்கையில் காற்று மெலிவதால் வெளிநாட்டில் எழும்பியதைவிட இங்கே கூடுதல் தூரம் ஓட வேண்டும். மைதானத்தை அதற்கு ஏற்றபடி தெரிவு செய்யுங்கள்.

தன்பாட்டில் ஒரு பக்கம் திரும்புகிறது

விசிறி ஒரு பக்கம் சுற்றினால் ஆளை மறுபக்கம் முறுக்கும். கொஞ்சம் திரும்புவது இயல்பு. அதை நிமிர்த்த எதிர்ப் பிரேக்கை ஆழமாக இழுத்து, அதோடு முழு த்ரொட்டிலையும் பிடித்துக்கொண்டு ஏறுவதுதான் ஆபத்து. விங்கின் வேகம் குறைகிறது, முறுக்கு குறையவில்லை. ஒரு கட்டத்தில் உடம்பு விங்கின் கீழ் சுழன்று ரைசர்கள் (நூல்களை ஹார்னஸோடு பூட்டும் பட்டிகள்) பின்னிக்கொள்ளும். பின்னிவிட்டால் பிரேக் நூலும் அதில் சிக்கி நிற்கும்.

மருந்து எளிது, கைக்குத்தான் வராது. த்ரொட்டிலை விடுங்கள். திடீரென்று அல்ல, ஆனால் தயங்காமல். பிரேக்கை மேலே விடுங்கள். சுழலும் பட்டத்துக்கு நூல் விட்டால் அது தன்னைத் தானே திருத்தும், இழுத்தால் இன்னும் சுழலும், இதுவும் அப்படித்தான். பின்னியே விட்டது என்றால் ஐடில், இரு கையாலும் ரைசர்களை அகட்டுங்கள், காலை உதைத்து உடம்பைத் திருப்புங்கள். அவிழ்ந்து முடியும்வரை பிரேக்கைத் தொடாதீர்கள். விங் வேகமாகச் சுழன்று இறங்குகிறது, அவிழ்க்க உயரமில்லை என்றால் யோசிக்க நேரமில்லை: எஞ்சினை நிறுத்தி, ரிசேர்வை (அவசரப் பரசூட்) வெற்று வெளியைப் பார்த்து எறியுங்கள்.

பிரேக் தொய்கிறது, விங் முன்னும் பின்னும் ஆடுகிறது

பனங்கூடலுக்குப் பின்னால் பறக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருபத்தைந்து மீற்றர் பனை வரிசைக்குப் பின்னால் காற்று உருண்டு வரும் இடம் இருநூறு, முந்நூறு மீற்றர்கூட நீளும். அடுத்த கேள்வி நேரம். காலை ஆறரைக்கு எண்ணெய் போல இருந்த காற்று ஒன்பது மணிக்குப் பிறகு அப்படி இருக்காது. நிலம் சூடாகிக் கடற்காற்று உள்ளே வரும் எல்லையில் விங் நிலைகொள்ளாது. பளையில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. சோளகம் (தென்மேல் காற்று) பிடித்துவிட்டால் விடியற்காலையிலும் பறக்க முடியாத நாட்கள் வரும். வாடைக்காலம் பட்டத்துக்கு உரியது. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டத்தின் கயிற்றை மற்றவர்கள் விட்டுவிட, ஒருவர் மட்டும் விடாமல் மேலே போய்த் தொங்கிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் காற்றில்தான் நம் விங்கும் நிற்க வேண்டும்.

பட்டக் காலத்தில் இன்னொரு தொல்லை நைலோன் நூல். விங்கின் நூல்கள் பலவற்றில் இருக்கும் டைனிமா ஏறத்தாழ 150 பாகையிலேயே உருகும். இழுபட்ட நைலோன் அதில் உரசினால் கத்தி தேவையில்லை. தை மாதம் வடமராட்சியில் நான் மெஷினை வெளியே எடுப்பதில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். விங் முன்னுக்குப் போகும்போது த்ரொட்டிலைக் கூட்டி, பின்னுக்கு வரும்போது குறைத்துத் துரத்தினால் ஊஞ்சலுக்கு உந்து கொடுத்த மாதிரி ஆகும். த்ரொட்டிலை ஒரே அளவில் குறைத்து வைத்து, பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு காத்திருங்கள். ஒரு பக்கம் மடிந்தால் த்ரொட்டிலை விட்டு, திறந்திருக்கும் பக்கம் உடம்பைச் சாய்த்து நேரே போகப் பாருங்கள். பெரும்பாலும் தானே திறக்கும். ட்ரிம்மரை (ரைசரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டி) முழுக்க விட்டுப் பறக்கும் ரிஃபிளெக்ஸ் விங்கில் (பின்விளிம்பு சற்று மேலே வளைந்த விங்) வழமையான பிரேக்கை இழுக்கவே கூடாது, மடிப்பதே அந்த இழுவையாக இருக்கலாம்.

மேலே எஞ்சின் நின்றுவிட்டது

இது பழுது, விபத்து இல்லை. விங் பறந்துகொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் நின்ற மெஷினோடு, காற்றில்லாத நேரம், ஒரு மீற்றர் இறங்க ஆறு மீற்றர் முன்னே போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மீற்றரில் 900 மீற்றர். எதிர்க்காற்று மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் அதில் பாதிதான். ஆகவே எப்போதும் கண் ஒரு இறங்கு நிலத்தில் இருக்க வேண்டும். வலிகாமத்தில் மேலே இருந்து பார்க்கப் பச்சையாகத் தெரியும் புகையிலை, வெங்காயத் தோட்டங்களில் மதில், வேலி, கட்டு உயரமில்லாத கிணறு, குறுக்கே கரண்ட் கம்பி எல்லாம் இருக்கும். கம்பி தெரியாது, போஸ்ட்தான் தெரியும். கடக்க வேண்டுமென்றால் போஸ்டுக்கு மேலாகக் கடவுங்கள். உயரம் சந்தேகம் என்றால் கடக்காமல் இந்தப் பக்கமே, கரடுமுரடானாலும், காற்றை எதிர்த்து இறங்குங்கள். 100 மீற்றருக்குக் கீழே திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்த்துக் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் நிலம் நெருங்கும்போது நாமே நிறுத்திவிடுவதுதான் பழக்கமாக வேண்டும். விழும் விங்கும் சுற்றும் விசிறியும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

வெட்டுக் காயம் என்றால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ். அழுத்தியும் கை காலில் இரத்தம் பீறினால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

தண்ணீரில்தான் இறங்கப் போகிறேன்

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். "களப்பு முழங்கால் அளவுதானே அண்ணை" என்பார்கள். 25, 30 கிலோ மெஷின் முதுகில் கட்டிக் குப்புற விழுந்தவனுக்கு முழங்கால் தண்ணீர் போதும். நூல் காலில் சுற்றும், விங் தண்ணீர் குடித்து இழுக்கும். நீச்சல் தெரிவது இங்கே பெரிதாக உதவாது.

கரையை எட்ட முடியாது என்று தெரிந்த நொடியிலேயே எஞ்சினை நிறுத்துங்கள். ஹார்னஸில் பின்னுக்கு நன்றாக இருந்துகொண்டு நெஞ்சுப் பட்டியையும் கால் பட்டிகளையும் கழற்றுங்கள். ஆனால் குதிக்காதீர்கள். அலை இல்லாத தண்ணீருக்கு மேலே உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. மூன்று மீற்றர் என்று நினைத்துப் பதினைந்தில் இருந்து குதித்தவர்கள் இருக்கிறார்கள். கால் நனைந்த பிறகு முன்னே நழுவி, காற்று வரும் பக்கமாக, விங்கில் இருந்து விலகி நீந்துங்கள். தண்ணீர் பட்டதும் தானே ஊதும் மிதவையை மெஷின் சட்டத்தில் பூட்டாமல் பண்ணை, ஊர்காவற்றுறை, கசூரினாப் பக்கம் பறப்பவர்களோடு நான் சேர்வதில்லை. நூல் வெட்டும் கொக்கிக் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 100 மீற்றர் உயரத்தில் என்றால் கரையில் இருந்து 300 மீற்றருக்கு மேல் போக வேண்டாம், காற்று கடலுக்கு அடித்தால் அதுவும் இல்லை.

உப்புத் தண்ணீரில் விழுந்து எடுத்த மெஷின்

ஆள் சுகம் என்றால் அடுத்த இரண்டு மணித்தியாலம் மெஷினுக்கு. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி, தலைகீழாக்கி, தண்ணீரை வடியவிடுங்கள். முழுக்க நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உள்ளேயும்தான். கரையோர வீடுகளில் பாதிக் கிணறு உவர். வாயில் ஒரு மிடறு விட்டுப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்குங்கள். உவர் தண்ணீரால் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்று. பிறகு ஒயில் கலந்த பெற்றோலைச் சிலிண்டருக்குள் விட்டு, கயிற்றை மெதுவாகப் பல தரம் இழுங்கள். காபரேட்டரைக் கழற்றிப் புது ரப்பர் போடுங்கள். பேரிங்குக்குள் உப்புப் போயிருந்தால் அது இரண்டு கிழமை கழித்துத்தான் கத்தத் தொடங்கும், ஆகவே அதைத் திறந்தே பாருங்கள்.

விங்கை அதே நல்ல தண்ணீரில், சவர்க்காரம் போடாமல், உரசாமல் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். மூலைகளுக்குள் மணல் தங்கும், கொட்டிவிடுங்கள். ரிசேர்வ் நனைந்திருந்தால் அதையும் திறந்து அலசி உலர்த்த வேண்டும். திரும்ப மடிக்கிற வேலையை மட்டும் மடிக்கப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை மெஷின் என் பட்டறை மூலையில் கிடக்கட்டும், வாடகை கேட்க மாட்டேன்.